அறுத்த வீச்சுவலை

"வீச்சுவலை எங்கமே?"

பரண்மேல் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு சிங்காரம் கேட்டான். கீழே அவன் பெண்டாட்டி அங்காளம்மாள் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

குப்பமே அன்று துள்ளிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக மணல் மூடிக் கிடந்த முகத்துவாரத்தை ஊர் கூடி வெட்டித் திறக்கும் நாள். கடல்தண்ணீர் ஏரிக்குள் பாய்ந்துவிட்டால் இறாலும் மடவையும் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். வீட்டிலிருக்கிற வலை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, மண்வெட்டியும் கூடையுமாக ஆணும் பெண்ணும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த உலாந்தாக்கார டச்சுத் துரைமார்கள்கூட மதில்மேல் ஏறி வேடிக்கை பார்க்கப் போகிறார்களாம்!

இந்த நாளில் போய் அந்த வலையைக் காணோம். அது அங்காளம்மாளின் நைனா கல்யாணச் சீராகக் கொடுத்த வலை. விளிம்பு முழுக்க ஈயக்குண்டு கோத்தது. ஒருவர் தோளில் போட்டால் தோள் இறங்கும்.

"தோணிரேவு ஊர்லேந்து உம்பொண்டாட்டியோட அண்ணன்காரன் நேத்தே வந்து எறங்கிட்டான்டா தம்பி. நீ இன்னும் பரண்மேல தேடினு கீற," என்றாள் தேவகி, வாசல் பெருக்கிய துடைப்பத்தைக் கீழே போடாமலே.

தேவகி சிங்காரத்தின் அக்கா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள். அந்த வீட்டில் அடுப்பெரிவதும் அணைவதும் அவள் சொல்படிதான். ஆளுயர அலைக்கு அஞ்சாத சிங்காரம் அக்காவின் குரலுக்கு மட்டும் அடங்கிப்போவான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

பரணிலிருந்து இறங்கிய சிங்காரம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். "உங்கண்ணனுக்குக் குடுத்துட்டியா? உண்மையச் சொல்லு."

"எடுத்தது நான்தான்... அதுக்கு மேல கேக்காதீங்க."

சொல்ல அவளுக்கு வாய் இல்லாமலா? சொன்னால் யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியும். மூலையில் பாய்மேல் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த மகள் கன்னியின் தலையில் விடியும்.

கன்னிக்கு மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் நடக்கவில்லை. காய்ந்த மணல் காலில் பட்டால் நெருப்பைத் தொட்டவள்போல் அலறுவாள். யாராவது ஆசையாகக் கன்னத்தைத் தடவினால்கூட உதறிக்கொள்வாள். கோட்டையில் பீரங்கி வெடித்துவிட்டால் போதும், உடம்பு விறைத்து மூச்சடங்கி, பெற்றவளின் உயிரை எடுத்துவிட்டுத்தான் ஓய்வாள்.

தேவகியும் பேசாமல் இருந்துவிடவில்லை. நடை தாமதமாகும் பிள்ளைகளைக் கரை மணலில் குழி தோண்டி இடுப்புவரை நிற்கவைப்பது அந்தக் கரையின் வழக்கம். இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படி நின்று நடந்தவர்கள்தான். கன்னியையும் அவள் ஆசை ஆசையாகத்தான் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினாள். பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. அங்காளம்மாள் ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, "இனிமே எம்புள்ளயத் தொடாதீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டாள். பிள்ளையில்லாத தேவகிக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிங்காரத்தின் தொழில்வலை நழுவி, அழுதுகொண்டிருந்த கன்னிமேல் விழுந்தது. பதறி ஓடிய அங்காளம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். ஈயக்குண்டுகளின் கனம் தோளையும் தொடையையும் அழுத்த, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, பெருமூச்சு விட்டு, சிரித்தாள்! லேசாகத் தொட்டால் பிள்ளைக்குப் பிடிக்காது, அழுத்திப் பிடித்தால் பிடிக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தடவித் தடவியே என் குழந்தையை அழவிட்டேனே என்று அன்று முழுக்க அழுதாள்.

ஆனால் தொழில் வலையைப் பொம்பளை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்தினால் வீடு இரண்டாகிவிடும். தன் சீர்வலையை எடுத்தாள். முழு வலை பிள்ளைக்குத் தாங்காது. கத்தியை எடுத்து அறுத்தாள். ஒரு பாதி போர்வை, மறுபாதி தூளி. இறால் தடவிப் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தாழம்புதருக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த பழைய தோணியண்டை பிள்ளையைக் கொண்டுபோவாள். முதலில் போர்த்தி அழுத்துவாள். பிறகு தூளியில் மெதுவாக ஆட்டுவாள். பிள்ளை உடம்பு தளர்ந்ததும் தோணி முதுகில் குப்புறப் படுக்கவைத்து, எட்டி எட்டிச் சிப்பி பொறுக்கச் சொல்வாள். நனைந்த கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொல்வாள். கடைசியாக ஏரி ஓரத்துச் சேற்றில் கால் வைக்கப் பழக்குவாள். மணலுக்கு அலறும் அதே கால் சேற்றுக்குள் புதைந்ததும் விரலை விரித்துக்கொண்டு விளையாடியது. நேற்றுக் கன்னி தோணியைப் பிடித்துக்கொண்டு தானாகவே நின்றாள்.

இதையெல்லாம் சொல்லிவிடலாம். ஆனால் நல்ல வலையைக் கத்தியால் அறுத்தேன் என்று எப்படிச் சொல்வது? நங்கூரத்தில் சிக்கிய வலையை அறுத்துவிட்டு வந்த வருஷத்தில்தான் தேவகியின் புருஷன் கடலோடு போனான். வலையை அறுத்தால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று அவள் அன்றிலிருந்து நம்புகிறாள். அந்தப் பிள்ளைக்காகத்தான் அறுத்தேன் என்று தெரிந்தால் கன்னியைக் கண்ணெடுத்துப் பார்ப்பாளா?

சிங்காரம் முடிவு சொல்லிவிட்டான். திருடிக் கொடுத்தவள் அண்ணனோடே போகட்டும். பிள்ளை இங்கே அக்காவிடம் இருக்கட்டும். அங்காளம்மாள் துணிமணியை மூட்டை கட்டினாள். பிள்ளை இவர்களிடம்தான் இருக்கப்போகிறது என்றால் இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அவள் தாழம்புதருக்குப் போய் வலைத்துண்டுகளை எடுத்து மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள். அதை விட்டுவிட்டுப் போனால் பிள்ளைக்கு ஆகும், ஆனால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐயோ, எந்தப் பெற்றவளுக்கு இப்படி ஒரு கணக்கு வரும்!

அண்ணன் வேதாசலத்தின் தோணி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஏரி ஓரத்தில் நின்றது. ஊரே அங்கேதான் இருந்தது. பறையடி, கூச்சல், சிரிப்பு. ஆண்கள் வெட்ட வெட்டப் பெண்கள் கூடையில் மணலை அள்ளிக் கொட்டினார்கள். வெட்டிய கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரு மேடுதான் பாக்கி. அங்காளம்மாள் கன்னியை ஈரச் சேற்றில் உட்காரவைத்து, இறுக்கி அணைத்து, உச்சியில் முத்தம் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் தோணியில் காலை வைத்தாள்.

"மூட்டய அவுத்துக் காட்டிட்டுப் போவச் சொல்லுடா," என்றாள் தேவகி.

தங்கச்சியை இப்படி அவமானப்படுத்தலாமா என்று வேதாசலம் சண்டைக்கு நின்றான். சிங்காரம் கேட்கவில்லை. அவன் இழுக்க, அவள் விடாமல் பிடிக்க, முடிச்சு அவிழ்ந்தது. ஈயக்குண்டுகள் சலசலக்க வலை சேற்றில் விழுந்தது. பாதியாய் அறுத்த வலை! அறுத்த ஓரமெல்லாம் குழந்தைக்குக் குத்தாமல் பழம்புடவைத் துணி வைத்துத் தைத்திருந்தது.

தேவகிக்கு முகம் வெளுத்துவிட்டது. முகத்துவாரம் திறக்கிற வேளையில் அறுத்த வலை!

அப்போதுதான் கோட்டைப் பீரங்கி வெடித்தது. ஏரியெல்லாம் அதிர்ந்தது.

கன்னி காதைப் பொத்திக்கொண்டாள். உடம்பு விறைக்கத் தொடங்கியது. தேவகி பயத்தை மறந்து கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். ஆனால் பிள்ளையின் கண் சேற்றில் கிடந்த வலையைப் பார்த்துவிட்டது. காதிலிருந்து கையை எடுத்தாள். சேற்றில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்து... நடந்தாள்!

ஒரு கால், இன்னொரு கால். தள்ளாடினாள், நின்றாள், மறுபடி நடந்தாள். வலையண்டை போய்ப் பொத்தென்று உட்கார்ந்து, அதைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டாள்.

"நடந்துட்டா..." என்றான் சிங்காரம். அலைக்கு அஞ்சாதவன் சேற்றில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். "என்னண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாமே? எத்தினி பேச்சு பேசிட்டன் உன்ன..."

அங்காளம்மாள் அவனைப் பார்க்கவில்லை, நாத்தியைத்தான் பார்த்தாள். "வலய அறுத்தது நானு. பாவம் எதுனா இருந்தா எம்மேல வரட்டும் அண்ணி. புள்ளய மட்டும் ஒதுக்கிடாதீங்க."

"இதுக்காகவா திருடின்ற பேரோட கெளம்பின?" என்றாள் தேவகி. "எங்க புள்ளய நான் வெறுத்துடுவனோன்னா?"

அங்காளம்மாள் ஆமென்று தலையாட்டினாள்.

தேவகி வலையருகே குனிந்தாள். இத்தனை வருஷம் எந்த அறுபட்ட வலையையும் தொடாத கை, பிள்ளைமேல் கிடந்த தையல் போட்ட ஓரத்தை வருடியது. வருடியதும் கன்னி முகத்தைச் சுளித்தாள். தேவகி சட்டென்று கையை எடுத்துவிட்டு அங்காளம்மாளைப் பார்த்தாள். "எப்டி தொடணும்? சொல்லிக் குடு."

"அழுத்திப் புடிங்க அண்ணி. பயப்படாம."

தேவகி வலையோடு சேர்த்துப் பிள்ளையை மார்போடு அழுத்திப் பிடித்தாள். கன்னி உதறவில்லை, அத்தையின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தேவகி மறுகையால் அங்காளம்மாளையும் இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எந்த நாளைக்கு என்று அடக்கிவைத்த அழுகையோ, அது நிற்கவே இல்லை.

அந்த நேரத்தில் அங்கே மேடு உடைந்தது. கடல் குபீரென்று ஏரிக்குள் பாய்ந்தது. "தண்ணி வந்துடுச்சு!" என்று ஊர் முழுக்கக் கத்தியது. வெள்ளி வெள்ளியாக மடவை துள்ளியது. தேவகி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவர இட்டுனு போனது காத்து. வல இன்னா பண்ணும்?" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பிறகு வலையின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அந்தப் பக்கம் நீ புடி அங்காயி. ஆட்டலாம்."

இரண்டு பேருமாக ஆட்ட, கன்னி கலகலவென்று சிரித்தாள். கோட்டையில் இன்னொரு முறை பீரங்கி வெடித்தது. பிள்ளை ஒரு கணம் வலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அத்த, இன்னும்," என்றாள்.

வேதாசலத்தின் தோணி அன்று நிறைய மீனோடு தோணிரேவுக்குத் திரும்பியது. தங்கச்சி வரவில்லை.