சந்துக்குள் வராத லாரி

அவளை வீட்டில் எல்லோரும் ‘இஞ்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா தையல்காரர். அம்மாவின் அளவு டேப்பு பாதி நேரம் இவள் கழுத்தில்தான் தொங்கும். ஜன்னலை அளப்பாள், பூனையின் வாலை அளப்பாள், தூங்குகிற அப்பாவின் மூக்கைக்கூட விடமாட்டாள்.

அதனால்தான் வீடு மாற்றுவது என்று முடிவானதும், லாரிக்காரர் போனில் கேட்ட கேள்வி நேராக இஞ்சுவிடம் வந்தது. லாரி வாசல் வரைக்கும் வருமா? வந்தால் ஒரு கூலி. வராவிட்டால் தெருமுனை வரை சாமான்களைச் சுமக்க வேண்டும். ஆள் கூடும், நேரம் கூடும், கூலியும் கூடும்.

இஞ்சு டேப்போடு ஓடினாள். அவர்கள் சந்து தொடங்கும் இடத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அளந்தாள். லாரியின் அகலத்தை அப்பா கேட்டுச் சொன்னார்.

“தாராளமா வரும்ப்பா” என்றாள் இஞ்சு. அப்பாவும் போனில் அப்படியே சொல்லிவிட்டார்.

வீடு மாற்றும் நாள் காலையில் லாரி வந்தது. சந்துக்குள் தாராளமாகத்தான் நுழைந்தது. ஆனால் பாதி வழியில் சந்து வளைகிறதே, அங்கே போய் மாட்டிக்கொண்டது. முன்பக்கம் திரும்பினால் பின்பக்கம் சுவரில் உரசியது. லாரிக்காரர் அப்படித் திருப்பிப் பார்த்தார், இப்படித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வந்த வழியே பின்னால் போய்த் தெருமுனையில் நிறுத்திவிட்டார்.

இஞ்சுவுக்கு முகம் சுண்டிப்போனது. அவள் வளைவை அளக்கவே இல்லை.

லாரிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கூலி விஷயத்தில் கறார். இவ்வளவு தூரம் சுமக்க இன்னும் இரண்டு பேரை வரவழைக்க வேண்டும், அவர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். மதியம் அவருக்கு வேறு வேலையும் இருந்ததாம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்பா பர்ஸைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். அதற்குள் பணம் குட்டி போட்டிருக்குமா என்ன? புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்தது போக, பேசிய கூலிக்குத்தான் மிச்சம் இருந்தது.

சின்னச் சாமான்களை நாமே தூக்கிவிடலாம் என்றார் அப்பா. பிரச்சினை அம்மாவின் மேசைதான். துணி வெட்டுவதற்காகவே செய்த பெரிய மேசை அது. நான்கு பேர் பிடித்தால்தான் அசையும். அதன் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் இஞ்சு வீட்டுப்பாடம் எழுதுவாள்.

“மேசை இங்கயே இருக்கட்டும். நான் தரையில விரிச்சு வெட்டிக்கிறேன்” என்றார் அம்மா. மேசையின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரமாகும். இஞ்சுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் சந்து அகலமாகிவிடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

பின்பக்கச் சுவரில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அது பூட்டியே கிடந்து கிடந்து, கதவு என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. அம்மா அதில் விளக்குமாறு மாட்டுவார். இன்றைக்கு விளக்குமாற்றைக் கட்டி வைத்துவிட்டதால் பூட்டு பளிச்சென்று தெரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் சலவைக்கடையின் முற்றம். சலவைக்கடைக்காரரின் வேன் தினமும் அகலமான பெரிய ரோட்டிலிருந்து அந்த முற்றத்துக்குள் வந்து போகும். அந்த வழியில் வளைவே கிடையாது.

இஞ்சு தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். முற்றம் முழுக்கக் கொடிகளில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. பூட்டின் சாவி சலவைக்கடைக்காரரிடம்தான் இருந்தது. சாமான்களை அந்த வழியாக ஏற்றலாமா என்று கேட்டாள்.

“வழிக்கு என்னம்மா, தாராளமா போங்க. ஆனா இதெல்லாம் ஹோட்டல் துணி. லாரி உள்ள வந்தா தூசி பறக்கும், நான் மறுபடியும் முதல்ல இருந்து துவைக்கணும். சாயங்காலம் காஞ்சதும் வாங்க.”

சாயங்காலம் லாரி இருக்காது. இஞ்சு கெஞ்சவில்லை. கொடிகளைப் பார்த்தாள். பிறகு சுவருக்கு மேலே தெரிந்த தன் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தாள்.

“மாமா, இது இங்கதான் காயணுமா? எங்க மாடியில இதைவிட நல்ல வெயில் அடிக்குது. கொடியும் கட்டியிருக்கு.”

சலவைக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். “யாரு தூக்கிட்டுப் போறது?”

“நாங்கதான்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை எடுக்கப் போனார்.

பூட்டுக்கு எண்ணெய் விட்டு இரும்புக் கதவைத் திறந்தார்கள். அப்புறம் என்ன, வீடே பம்பரமாய்ச் சுழன்றது. மேல்வீட்டு அக்கா மாடிக் கதவைத் திறந்துவிட்டார். அப்பா தலைக்கு மேல் ஈர விரிப்புகளைச் சுமந்து படியேறியதைப் பார்த்துப் பூனை அலறிக்கொண்டு ஓடியது. அன்றைக்கு முதலில் குடி மாறியவை ஹோட்டல் விரிப்புகள்தான்.

முற்றம் காலியானதும் லாரி பெரிய ரோடு வழியாக உள்ளே வந்து இரும்புக் கதவை ஒட்டி நின்றது.

“மேசை இதுல போகுமா சார்?” என்றார் லாரிக்காரர். அப்பா வாயைத் திறப்பதற்குள் இஞ்சு டேப்போடு கதவின் முன்னால் நின்றாள். கதவின் அகலத்தை அளந்தாள். கதவு முழுதாகத் திறக்காமல் துவைக்கும் கல்லில் இடித்தது. அதனால் அது திறக்கிற அளவையும் அளந்தாள். பிறகு மேசையின் நீளம், அகலம், காலின் உயரம் எல்லாவற்றையும் அளந்தாள்.

“நேரா போகாது. ஒருக்களிச்சுப் பிடிச்சு, கால் பக்கத்தை முதல்ல விட்டா போகும்” என்றாள்.

அப்பா, லாரிக்காரர், அவருடைய ஆள், சலவைக்கடைக்காரர் என்று நான்கு பேர் பிடித்தார்கள். மேசை எதிலும் உரசாமல் கதவைத் தாண்டிப் போய் லாரியில் ஏறியது. அம்மா அதன் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

இஞ்சு லாரிக்காரரிடம் போனாள். “அண்ணா, லாரி வரும்னு சொன்னது நான்தான். சந்து முனையை மட்டும் அளந்தேன், வளைவை விட்டுட்டேன்.”

“நானும்தான் போன்ல வளைவு இருக்கான்னு கேக்கலை. பாதித் தப்பு எனக்கு” என்றார் அவர். பேசிய கூலிக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது சலவைக்கடைக்காரர் மாடியிலிருந்து கையாட்டினார். அங்கே துணி சீக்கிரம் காய்கிறதாம். இனிமேல் தினமும் காயப்போட மேல்வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காக இரும்புக் கதவைப் பூட்ட வேண்டாம் என்றும் முடிவாகிவிட்டது.

புது வீட்டுத் தெருமுனையில் லாரி நின்றது. லாரிக்காரர் இறங்கித் தெருவை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவைக் கூப்பிடவில்லை.

“இஞ்சும்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லு.”

இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். முனையை அளந்தாள். நடுவில் ஒரு மின்கம்பம் நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் அளந்தாள். தெரு திரும்பும் இடத்தில் குனிந்து நிமிர்ந்து அளந்தாள். வாசல் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தாள்.

“வளைவையும் பார்த்துட்டேன் அண்ணா. வாங்க” என்றாள்.

லாரி அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்து, அம்மாவின் மேசையோடு வாசலில் நின்றது.