எழுநூறு முட்டையும் ஒரு மாப்பிள்ளையும்

அன்றைக்கு மழை பத்து நிமிடம் பொறுத்து வந்திருந்தால் லிஃப்ட் மெக்கானிக் கடைசிவரை பிரம்மச்சாரியாகவே இருந்திருப்பான். அவன் விருப்பமும் அதுதான் என்று தெருவில் பேச்சு. தெருப் பேச்சு மழையின் காதில் விழுவதில்லையே... வண்ணமீன் கடை வாசலில் கொட்டோ கொட்டென்று கொட்டி, உள்ளே இருந்த இரண்டு பேரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்தது.

ஒருத்தன் இவன். இன்னொருத்தியின் கையில், இவன் தேடி வந்த டப்பா.

கடையில் மிச்சமிருந்த ஒரே ஆர்ட்டீமியா டப்பா. உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் தூசி தூசியாய் இறால் குஞ்சுகள் பொரிந்து வரும். பொடி மீன்களுக்கு அதுதான் தாய்ப்பால்.

"அது எனக்கு வேணுங்க," என்றான். "என் ஏஞ்சல் மீன் ஜோடி நேத்து முட்டை போட்டிருக்கு."

அவள் திரும்பினாள். மூக்கில் வழுக்கி இறங்கிய கண்ணாடி, அதன்மேல் நாலைந்து மழைத்துளி, அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... தொட்டியில் விளக்குப் போட்டதும் மீன்கள் திடுக்கிட்டு நின்று, பிறகு மெல்ல நகருமே, அப்படி. மீன் வளர்க்கிறவனுக்கு உவமை வேறு எங்கிருந்து வரும்?

"என் வீட்ல நாப்பது ஃபைட்டர் மீன் குஞ்சு பொரிச்சே ஆச்சு. உங்களுது இன்னும் முட்டைதானே?"

"சாதாரண முட்டை இல்ல. ஒரு தடவைக்கு எழுநூறு." இதைச் சொல்லும்போது அவன் நெஞ்சு அரை அங்குலம் முன்னால் வந்ததைக் கடைக்காரர் பார்த்தார். பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

"எழுநூறா..." அவள் புருவம் ஏறியது. "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை போட்டிருக்கு?"

"ஆறு."

"குஞ்சு?"

நெஞ்சு பழைய இடத்துக்குப் போனது. "அது... ரெண்டு மூணு நாள்ல எல்லாம் வெள்ளையாப் போயிடுது. தண்ணி சரியில்ல. இந்தத் தடவை மாத்தியாச்சு."

"போட்டோ இருக்கா?"

இருக்காவா... முந்நூறு இருந்தது. கைப்பேசியை எடுத்து, கையை முழுநீளத்துக்கு நீட்டி, கழுத்தைப் பின்னால் இழுத்து, ஒன்றைத் தேடிக் காட்டினான். அவள் படத்தைப் பெரிதாக்கி ஒரு மீனின் அடிவயிற்றைப் பார்த்தாள். மற்றதன் அடிவயிற்றையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள்... சிரிப்பு அதையும் தாண்டிக்கொண்டு வந்துவிட்டது.

"ராஜா, ராணின்னு பேர் வச்சிருப்பீங்களே?"

"ஆமா... எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அதைத்தான் வைப்பாங்க. உங்க ராஜாவும் ராணிதான். முட்டை போடற நேரத்துல கீழ சின்னதா ஒரு குழாய் வருமில்ல, அது ஆணுக்கு ஊசி மாதிரி இருக்கும், பொண்ணுக்கு மொட்டையா இருக்கும். இங்க ரெண்டும் மொட்டை. ரெண்டு பேர் சேர்ந்து போட்டா எழுநூறு வராம என்ன செய்யும்?"

கடைக்காரர் அவசரமாக முதுகைத் திருப்பித் தீனிப் பொட்டலங்களை அடுக்கினார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஒரு போட்டோவை வச்சு அப்படிச் சொல்லிட முடியாதுங்க. நான் தினம் என் கண்ணால பாக்கறேன்."

"அந்தக் கண்ணு மேலதான் எனக்குச் சந்தேகம்." டப்பாவை அவன் கையில் வைத்தாள். "வச்சுக்குங்க. என் குஞ்சுகளுக்கு அவிச்ச மஞ்சக்கரு குடுத்துச் சமாளிக்கறேன். பொரிச்சா டப்பா உங்களுது. பொரிக்கலேன்னா கொண்டு வந்து குடுத்துட்டு, ரெண்டும் பொண்ணுதான்னு உங்க வாயாலயே சொல்லணும். தபாலாபீஸ் எதிர்க் கட்டடம், மூணாவது மாடி, கண்ணாடிக் கடை. அங்க கண்ணு டெஸ்ட் பண்றது நான்தான்."

மழை விட்டது. வந்த வேலைதான் முடிந்ததே.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடலாம். குஞ்சு பொரிக்க வேண்டுமே என்ற தவிப்பு அவனைவிட அவன் அம்மாவுக்குத்தான் அதிகம். எட்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சை எடுத்த அம்மாவிடம், "முதல்ல என் மீன் குஞ்சு பொரிக்கட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று வாயை விட்டிருந்தான். அம்மா எழுதி வாங்காத குறை. அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் அடி அதிராமல் நடப்பார். மிக்சி சத்தத்தில் மீன் மிரளுமென்று துவையலைக்கூட அம்மியில் அரைத்தார். மசக்கைக்காரிக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடைக்காது.

மூன்றாம் நாள், எழுநூறும் வெள்ளை.

"என்னடா, முட்டை மறுபடியும் பஞ்சா வெளுத்துப் போச்சா?" என்றார் அம்மா.

"தண்ணிதாம்மா..."

அலமாரியில் டப்பா அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் மானம் போகும். கொடுக்காவிட்டால் அந்தக் கண்களை மறுபடி பார்க்க வழியில்லை. அதைவிடப் பெரிய வம்பு ஒன்றும் இருந்தது. இத்தனை நாளும் மீன் பொரிக்காதது அவனுக்கு வசதி. இப்போதுதான் முதல்முறையாக ஆசை வந்திருக்கிறது... ஆனால் மீன் பொரிக்காமல் கல்யாணம் இல்லை என்று பூட்டுப் போட்டவன் அவனேதான். இரண்டு ராணிகளும் எந்த ஜென்மத்தில் பொரிப்பது?

பத்து நாள் வறட்டு கௌரவத்தோடு ஓடியது.

பதினோராம் நாள் கம்பெனிக்கு அழைப்பு வந்தது. தபாலாபீஸ் எதிர்க் கட்டடம், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒருவர். கிளம்பும்போது பையில் ஸ்பேனரோடு டப்பாவும் ஏறிக்கொண்டது. அது எப்படி ஏறியதென்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க மேடம், விழாது. அஞ்சு நிமிஷம்," என்றான்.

"விழாதுன்னு தெரியும். முட்டை என்னாச்சு?"

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது.

"...வெள்ளையாப் போச்சு."

"கேக்கல."

"வெள்ளையாப் போச்சுங்க."

"அப்ப ராஜா?"

படிக்கட்டில் வாட்ச்மேன், கூரியர்காரர், கண்ணாடிக் கடை முதலாளி என்று ஆறு பேர். ஆறு பேருக்கும் நல்ல காது. அவன் குரலை இறக்கினான். "ரெண்டும் பொண்ணு."

"கேக்கல."

"ரெண்டும் பொண்ணுதாங்க." இந்த முறை மொட்டைமாடி வரைக்கும் கேட்டது.

"ரெட்டையா தம்பி? நல்லா இருக்கட்டும்," என்று வாட்ச்மேன் கை கொடுத்தார்.

கதவு திறந்தபோது அவள் லிஃப்டின் மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் டப்பாவை நீட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு, ஆளையும் விடாமல் கூட்டிப்போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தாள். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தாள்.

"தூரப் பார்வை அருமை. கிட்டத்துல இருக்கறதுதான் தெரியல. இது தெளிவா... இல்ல, இதுவா?"

நாலாவது லென்ஸில் எழுத்துகள் கறுப்பாக எழுந்து நின்றன. அட்டைக்கு மேலே அவள் முகம். இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது... இடது கண்ணுக்குக் கீழே எள்ளளவு மச்சம் ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"இதுதாங்க தெளிவு," என்றான் மெதுவாக.

"அட்டையைப் பாருங்க." அவள் லென்ஸ் பெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "என்கிட்ட ஒரு ஆண் ஏஞ்சல் தனியா இருக்கான். அவன் ஜோடி தொட்டிய விட்டு வெளிய குதிச்சுடுச்சு. ஞாயித்துக்கிழமை கொண்டு வரட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தது அம்மா.

"யாரும்மா நீ?"

"மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கேம்மா," என்று தண்ணீர்ப் பையை உயர்த்திக் காட்டினாள். அம்மா பையைப் பார்த்தார். பையைப் பிடித்திருந்தவளை அதைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

ராணிகளில் ஒருத்தி அவள் வீட்டுக்குப் போனாள். இங்கே இருந்தவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே பத்து நாள் கண்ணாடித் தடுப்பு. முதலில் முறைத்துக்கொண்டார்கள், பிறகு தடுப்பின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக்காரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து போனாள். மீனைப் பார்க்கத்தானாம். தெரு முழுக்க நம்பிவிட்டது...

ஐந்தாவது வாரம் முட்டை. முந்நூறுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தொட்டி முன்னால் இரண்டு தலைகள், இரண்டு ஜோடிக் கண்ணாடி. புதுக் கண்ணாடிக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். வெள்ளை இல்லை. தேன் நிறத்தில் முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளி... இரண்டிரண்டாக.

"கண்ணு," என்றான். "கண்ணு வந்திருக்கு."

"உங்களுக்கே தெரியுதா?"

"எனக்கே தெரியுது."

"என்னடா ஆச்சு?" அடுப்படியிலிருந்து அம்மா.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பொரிக்கப்போகுதுன்னு சொன்னா, அம்மா இப்பவே பொண்ணு தேடக் கிளம்பிடுவாங்க."

"சொல்ல வேண்டாமா அப்ப?" அவள் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லணும். தேட வேண்டாம், பொண்ணு இங்கயே இருக்குன்னும் சேர்த்துச் சொல்லணும்... உங்களுக்குச் சம்மதம்னா."

கண்ணாடிக்குள் மாப்பிள்ளை மீன் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"கேக்கல," என்றாள்.

"உங்களைக் கட்டிக்கணும்னு ஆசையா இருக்குங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

"...சரி."

"கேக்கல," என்றான் அவன்.

"எனக்குக் கேட்டுச்சுடா," என்றது அடுப்படி. அதைத் தொடர்ந்து, எட்டு மாதத்துக்கும் மேலாக வாய் திறக்காத மிக்சி தடதடவென்று ஓட ஆரம்பித்தது.