நாற்பது மன்னிப்பு

தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டியும் மையித்தின் வாய் மூடவில்லை. வலங்கைமானில் இறந்த பெண்களின் உடலை, மையித்தை, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுகிற லத்தீஃபாவுக்கு விறைத்த தாடைகள் புதிதல்ல. இது விறைப்பு இல்லை. உள்ளே ஏதோ தடுத்தது. கொல்லையில் மறைப்பாகக் கட்டிய சேலைகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின. இலந்தை இலை வெந்த தண்ணீரின் வாடையும் கற்பூரமும், பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் கிளப்பிய வைக்கோல் தூசியும் சேர்ந்து அவள் தொண்டையை அடைத்தன.

ஈரத்துணி சுற்றிய விரலால் பல்லைத் துடைத்தாள். தலையணையின் இலவம்பஞ்சு வந்தது. ஒரு பிசிறு. பிறகு இன்னொன்று. கீழுதட்டைப் புரட்டினாள். சொந்தப் பல்லே பதிந்து கிழித்த கருநீலக் கோடு.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷமீராவின் கை நின்றது. இறந்தவளின் மருமகள். மூன்று வருடம் படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மலம் அள்ளியவள். கிழவியின் முதுகில் ஒரு புண்கூட இல்லாததைச் சற்றுமுன் லத்தீஃபாவே பார்த்து வியந்திருந்தாள்.

"ராத்தா," என்றாள் ஷமீரா மெதுவாக. "ஒரு நிமிஷந்தான் ஆச்சு."

சேலைக்கு அப்பால் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மருமவளா அவ? வானத்துலேருந்து எறங்குன மலக்கு! இப்படி ஒருத்தி கெடைச்சா நானும் படுத்துக் கெடப்பேன்."

"நீ படுத்தா ஒம் மருமவ கட்டிலையே வித்துடுவா."

மையித்தின் குறையை மறைப்பவரை அல்லாஹ் நாற்பது முறை மன்னிப்பான் என்று லத்தீஃபா கேட்டிருக்கிறாள். இது மையித்தின் குறை அல்ல. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஷமீராவை நல்லவள் என்று நினைக்க அந்த உதடு விடவில்லை. கெட்டவள் என்று நினைக்க அந்த முதுகு விடவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு வாயை அழுத்தி மூடினாள். வெள்ளைக் கபன் துணியை உடலில் சுற்றினாள்.

"நல்ல மௌத்து. நிம்மதியான சாவு," என்றாள் கேட்டவர்களிடம், தரையைப் பார்த்தபடி.

எட்டாம் நாள் ஷமீரா கஞ்சியோடு லத்தீஃபாவின் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஒங்க அம்மா நாலு மாசமா பக்கவாதத்துல கெடக்குறாங்களாமே ராத்தா. நீங்க செஞ்சதுக்கு நான் வேற என்ன செய்யப்போறேன்?"

"வேணாம்மா," என்றாள் லத்தீஃபா.

"புண்ணியவதி வீடு தேடி வந்திருக்கா, வேணாங்கிறியே?" என்றார் கணவர் மீரா உசேன். "என்னா காரணம்?"

காரணத்தைச் சொல்வதென்றால் அந்தக் கொல்லையில் தான் செய்ததையும் சொல்லவேண்டும். நகர்ந்து வழிவிட்டாள். அன்று மதியம் ஷமீரா அம்மாவைப் பார்த்துக்கொள்ள, நான்கு மாதத்தில் முதல்முறையாக, அயர்ந்து தூங்கினாள். விழித்தபோது அந்தத் தூக்கத்தின் சுகமே கூசியது.

ஷமீரா தினமும் வந்தாள். ஒரு மாதம் போயிற்று. அந்தி மங்கி, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும் நேரம். அம்மாவின் அறை வாசலில் லத்தீஃபா நின்றாள். ஷமீரா அம்மாவின் தலையை மடியில் வைத்து, கோணிப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை இதமான கையை லத்தீஃபா கண்டதில்லை. ஷமீராவின் இன்னொரு கை தலையணையை இழுத்தது.

"மூச்சுக்கு ரொம்பக் கஷ்டப்படுறாங்க ராத்தா. நீங்க போயி தொழுவுங்க."

பேச்சுப் போன அம்மா மகளையே பார்த்தாள்.

கத்தவேண்டும். ஓடவேண்டும். இப்போதே.

கதவு அசைந்தது. கீல் முனகியது. இடைவெளியில் அம்மாவின் இரண்டு கண்கள். பிறகு ஒரு கண். பிறகு தலையணையின் விளிம்பு.

கதவை இழுத்துக்கொண்டிருந்தது லத்தீஃபாவின் கை.