பொட்டு வைத்த கதவு

ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதமாகியும் கதவில் ஈரச் சந்தனம். அதன் நடுவே குங்குமம். சிதம்பரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து பஸ் பிடித்து, அடைமழையில் நனைந்து, கடலூர் வீட்டு வாசலில் வந்து நின்ற திருநாவுக்கரசு அதை விரலால் தொட்டுப் பார்த்தார். மனைவி அருள்மொழிதான் வைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே மழை வாசனையையும் மீறி, ஊறிப்போன மரத்தூளும் மூத்திரமும் கலந்த எலிக்கூண்டு வாசனை. அது மறக்கக்கூடியதா? வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் பெப்டைடை ஆய்வுக்கூடத்து எலிகளுக்கு ஊசியில் ஏற்றியதே அவர்தான். அந்த மருந்து உடம்பை மட்டுமா வளர்க்கும், அடங்காத பசியையும் கிளப்பிவிடும். அது தெரிந்தும், பூஜையன்று கூண்டுகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, அறையைப் பூட்டி, சாவியோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார் மனுஷன்.

மறுநாளே ஆராய்ச்சி மாணவி இசைவாணி போனில் கெஞ்சினாள். "சார், கதவுக்கு வெளியவே கேக்குது. அதுங்க பசியில கம்பிய கடிக்குதுங்க. நானே கடலூர் வந்து சாவிய வாங்கிக்கிறேன் சார்."

"பூஜை போட்டத தொடக்கூடாதும்மா. ரெண்டு நாள்ல ஒண்ணும் செத்துடாது."

லீவு முடிந்து திறந்தபோது, ஒரு கூண்டில் குட்டி மட்டும் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தாயின் வால். தீனி வைக்க மறந்தாள் என்று பழியைத் தூக்கி இசைவாணி தலையில் போட்டார். அவள் படிப்பே போயிற்று. "பசின்னா என்னன்னு உங்க வீட்டுக்கும் தெரியட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவள், போன வாரம் கொள்ளிடத்தில் பிணமாகக் கரை ஒதுங்கினாள். பாவி, துக்கத்துக்குக்கூட அவர் போகவில்லை.

"அருள்மொழி!"

அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. சமையலறையில் எதையோ கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம். நிற்காமல்.

அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் மகள் சிந்துஜா. ஆறு வயசு. காலையில் தொளதொளவென்று போட்டுக்கொண்டு போன யூனிபார்ம் இப்போது தோளில் கிழிந்து தொங்கியது. சுற்றிலும் காலிப் பாத்திரங்கள். அரிசி டப்பாவும் காலி.

"கண்ணு... அம்மா எங்க?"

"ஒரு அக்கா வந்தாங்கப்பா. ஈரமா இருந்தாங்க. பொட்டு வெச்சாங்க."

கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே சந்தனம், குங்குமம். நடுவில் ஊசி குத்திய துளை.

"அப்புறம் பசி ஜாஸ்தி ஆயிடுச்சுப்பா."

அவள் மடியில் அருள்மொழியின் வளையல்கள். ஈரமாக.

ஓடினார். கதவை நெருங்கும்போதே வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"ஐயோ! தொறம்மா! இசைவாணி, தொற!"

மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து, நிதானமாக:

"பூஜை போட்டத தொடக்கூடாது சார்."

பின்னால் சிந்துஜா எழுந்தாள். தலை நிலையின் மேல்கட்டையில் இடித்தது. குனிந்து வெளியே வந்தாள்.

"அப்பா. இன்னும் பசிக்குது."