மெத்தைப் பஞ்சு

நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த பின்கட்டு அறையிலிருந்து எடுத்துவந்த மெத்தையைக் கிழித்தபோது, உள்ளே இருந்த இலவம்பஞ்சு, சற்றுமுன் யாரோ எழுந்துபோன படுக்கையைப் போல இளஞ்சூடாக இருந்தது.

தெய்வசிகாமணி கையை வெளியே எடுக்கவில்லை. சூட்டுக்குக் கையை எடுக்கிற வம்சம் அல்ல அது.

“வெயில்ல போட்டிருந்தீங்களா முசியே?” என்றான் தச்சன் ராஜாங்கம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் ஐயா என்பதற்கு முசியே.

“ஆமா.”

போடவில்லை.

இருவருக்கும் நடுவில், முதுகுப்பலகை கழற்றிய நெஞ்சுயரத் தேக்குப்பெட்டி நின்றது. பிரெஞ்சு ராணுவத்திலிருக்கும் தங்கை மகன் மர்சேயிலிருந்து அனுப்பிய பெரிய ஸ்பீக்கருக்காகச் செய்தது. முன்பக்கம் துணி, அதற்குக் கீழே, கனத்த ஒலி வெளியேற, ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம். குறை ஒன்றுதான். இசைத்தட்டு சுழன்றால் பெட்டியும் சேர்ந்து முனகியது. தேங்காய் நாரை உள்ளே ஒட்டிப் பார்த்தார்கள். நார் உதிர்ந்ததுதான் மிச்சம். கோணிச்சாக்கை மடித்து அடித்தார்கள். பாடுகிறவளின் குரல் மங்கியது, அடியில் முனகல் அப்படியே இருந்தது.

“பழைய கம்பளி இருந்தா குடுங்க முசியே. பஞ்சு சரிப்படுமான்னு தெரியலை.”

“சரிப்படும். இந்தப் பஞ்சு சத்தத்தை வெளியே விடாது. எனக்குத் தெரியும்.”

ராஜாங்கம் ஆணி எடுக்கப் போனதும், கதவோரம் நின்ற மனைவி செல்வாம்பாள் மெல்ல வந்தாள்.

“ஏங்க, அது அவ படுத்த மெத்தைங்க. செத்தவங்க படுக்கையைத் தூக்கிப் போட்டுடணும்னு அப்பவே சொன்னேன்.”

“தெருவுல போட்டா, உங்க வீட்டுல செத்தது யாருன்னு தெரு கேக்கும். என்ன சொல்லுவே?”

அவள் கதவோரத்துக்கே திரும்பினாள்.

தெருவைப் பொறுத்தவரை மூத்தவள் ஆதிலட்சுமி கடல்தாண்டி சைகோனில் புருஷனோடு வாழ்கிறாள். தாலி இல்லாமல், வயிற்றில் பிள்ளையோடு, ஒரு மழைநாளில் அவள் திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. வலி கண்டபோது மருத்துவச்சியை அவர் கூப்பிடவில்லை. மருத்துவச்சிக்கு வாய் உண்டு. கத்தல் தெருவுக்குப் போகாதிருக்க, அவள் அடியிலிருந்து மெத்தையை உருவி ஜன்னலில் நிறுத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார். விடிவதற்குள் இரண்டு குரல்களும் ஓய்ந்தன. தோட்டத்துக் கிணறு தூர்க்கப்பட்டது. அந்த வருடம்தான் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அவர் பெயருக்கு ஒரு கீறல் விழவில்லை.

இன்று மாலை இளையவள் லட்சுமியைப் பார்க்க வருகிறார்கள். மூத்தவள் கதை ஒரு சொல் கசிந்தாலும் இந்தச் சம்பந்தம் போய்விடும், பெயரும் போய்விடும்.

பஞ்சைப் பிடி பிடியாக எடுத்து, பெட்டியின் சுவர்களில் பரப்பி, மேலே கொசுவலையை இழுத்து ஆணி அடித்தார்கள். புளித்த பாலும் மஞ்சளும் ஈர இரும்பும் கலந்த வாசனை வந்தது. அவர் விரலில் ஒரு நீளமுடி சுற்றிக்கொண்டது. அதையும் பஞ்சோடு உள்ளே தள்ளினார்.

முதுகுப்பலகையை மாட்டி இசைத்தட்டைப் போட்டார்கள்.

“அம்மாடி! பொட்டி இருக்கறதே தெரியலை முசியே!” என்று வியந்துவிட்டுக் கிளம்பினான் ராஜாங்கம்.

மத்தியானத் தெரு அடங்கிக் கிடந்தது. சாத்திய ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் வெளிச்சம் கோடு கோடாக விழுந்த கூடத்தில் அவர் தனியாக நின்று, மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, விரல் கணுவால் பெட்டியைத் தட்டினார். கெட்டியான, செத்த ஓசை. நிமிர்ந்தார்.

உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

பிறகு, அதற்குக் கீழே, சின்னதாக இன்னொரு தட்டு.

“கொண்டுபோய்க் கொளுத்திடலாங்க,” என்று அழுதாள், தட்டல் கேட்டு உள்ளிருந்து ஓடிவந்த செல்வாம்பாள்.

“என் வீட்டுல என்னைக் கேக்காம எதுவும் வெளியே போகாது.” பெட்டியைப் பார்த்துச் சொன்னார். “அன்னைக்கும் போகலை.”

விளக்கு வைத்த நேரத்தில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ராஜாம்பாளின் கண் கூடத்தை அளந்துவிட்டுப் பெட்டியில் நின்றது. அவர் பாட்டு வைத்தார். தெளிவாக இருந்தது. ராஜாம்பாள் காபியை உறிஞ்சினாள்.

“சைகோன்ல இருந்து நம்ம ஜனம்லாம் கப்பலேறி வந்துடுச்சே! உங்க மூத்த பொண்ணு மட்டும் என்னத்துக்கு அங்கியே உக்காந்திருக்கா? ஒரு பிரசவத்துக்குக்கூட வரலியா?”

செல்வாம்பாள் தட்டைக் கீழே வைத்தாள்.

“அவ புருஷன் அனுப்பமாட்டேங்கறான்,” என்றார் தெய்வசிகாமணி.

பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கினார். கம்பியைப் பிடுங்கினார்.

முனகல் நிற்கவில்லை.

தாழ்ந்து, தரைவழியாக, உள்ளங்காலில் ஏறியது. முன்துணி உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது. மூச்சு.

“என்னங்க அது சத்தம்?” என்றாள் ராஜாம்பாள்.

அவர் நடந்துபோய்ப் பெட்டியின் முன்னால் நின்றார். முதுகைத் துணியில் கொடுத்தார். அன்று நின்றது போலவே. முதுகுத்தண்டு நேராக. தலை நிமிர்ந்து.

“ஒண்ணுமில்லம்மா. புதுப் பலகை, சூட்டுல முறுக்கிக்குது.”

துணிக்கு உள்ளிருந்து முதுகில் அறைந்தது. பெரிய கை. அவர் அசையவில்லை. மறுபடி. அசையவில்லை.

“இந்த வீட்டுல ஒரு சத்தம் வெளியே வராது,” என்றார், சிரித்தபடி.

அறைவது நின்றது.

பிறகு கீழே, துவாரத்தின் பக்கம், ஏதோ ஊர்ந்தது. ஈரமாக. வேட்டியின் பின்மடிப்பை ஒரு சின்னஞ்சிறு பிடி பிடித்தது. விடவில்லை. பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் ஊர்ந்து முன்னால் வந்தது.

அவர் குனியவில்லை.

ராஜாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை அல்ல. அவர் முழங்காலை. வெள்ளை வேட்டியில், பஞ்சு ஒட்டிய ஐந்து விரல்களை.