சட்டையைத் தேடி வந்த கொசுக்கள்

அப்பா கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று கழற்றிப் போட்ட நீலச் சட்டையை வாலு யாரையும் துவைக்க விடவில்லை. அதைத் தலையணைக்கு உறையாகச் சுற்றி வைத்திருந்தாள். முகத்தைப் புதைத்தால் வியர்வையும் எஞ்சின் எண்ணெயும் கலந்த வாசனை வரும். அப்பா பக்கத்தில் படுத்திருப்பதுபோல இருக்கும்.

சில நாட்களாக அந்த வாசனை வரவில்லை. எவ்வளவு மூச்சை இழுத்தாலும் வெறும் துணி. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாலை தொட்டிலில் தம்பிப் பாப்பா வீறிட்டு அழுதான். கன்னத்தில் இரண்டு தடிப்பு.

"கொசுவெல்லாம் உன் தலையணையிலதான் கூட்டம் போடுது. அப்புறம் பக்கத்துல இருக்கிற இவனைப் பதம் பாக்குது. அந்தச் சட்டையைக் குடுடி, ஊற வைக்கணும்" என்றாள் அம்மா.

"மாட்டேன்!"

"ஏன்டி, சட்டையா அது, புதையலா?"

வாலு சட்டையை அணைத்துக்கொண்டாள். அதிலிருந்து நாலைந்து கொசுக்கள் எழும்பிப் பறந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதிலேயே வந்து உட்கார்ந்தன. பக்கத்திலேயே மடித்து வைத்திருந்த சலவைத் துணிகளில் ஒரு கொசுகூட இல்லை.

வாலு கண்ணை அகல விரித்தாள். "அம்மா, கொசு நம்ம மூச்சையும் வியர்வையையும் மோப்பம் பிடிச்சுத்தான் வரும்னு டீச்சர் சொன்னாங்க."

"கொசுவுக்கு மூக்கு வேற இருக்கா?"

"தலையில ரெண்டு மீசை மாதிரி இருக்குமே, அதுதான் மூக்கு. அப்படின்னா அப்பா வாசனை இதுல இன்னும் இருக்கும்மா! போகவே இல்ல!"

அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

பாப்பா மறுபடி சிணுங்கினான். அவன் கன்னத்தையும் சட்டையையும் வாலு மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையணையிலிருந்து சட்டையை மெதுவாக உருவினாள்.

"துவைக்கவா?"

"இல்லம்மா. பழைய கொசுவலை இருக்கா?"

இருவரும் மேசை விசிறியைக் கூடத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோனார்கள். அதன் முன்பக்கம் வலையைப் பைபோலக் கட்டினார்கள். பின்பக்கம் ஒரு நாற்காலியில் சட்டையை மாட்டினாள் வாலு. மோப்பம் பிடித்து வருகிற கொசுவை விசிறி உள்ளே இழுத்து வலைக்குள் தள்ளிவிடும்.

பொழுது சாய்ந்தபோது வலைக்குள் ஒரு கூட்டமே சிக்கியிருந்தது. தப்பித்த ஒன்றிரண்டை அம்மா கைதட்டி முடித்தாள். பாப்பா வாயைத் திறந்தபடி தூங்கினான். வாலுவின் தலையணைதான் மொட்டையாகக் கிடந்தது.

கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தைத் தொட்டதும் அப்பா போன் செய்தார். வாலு ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன வாலு, என் சட்டை என்ன சொல்லுது?"

"அது டூட்டில இருக்குப்பா. பாப்பாவுக்குக் காவல்."

நடந்ததைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வாலு சிரிக்கவில்லை.

"கொசுவுக்கெல்லாம் உங்க வாசனை தெரியுதுப்பா. எனக்குத்தான் தெரியல."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "கப்பலை விட்டு இறங்கினதும், போட்டிருக்கிற சட்டையோட நேரா உன்கிட்டதான் வருவேன்."

"முதல்ல குளிச்சிட்டு வரச் சொல்லுடி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

வாலு போனை வாயருகே கொண்டுபோய், அம்மாவுக்குக் கேட்காதபடி கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "குளிக்காமலே வாங்கப்பா."