வலப்பக்கம் கடல்

சுரங்கப் பாதையை விட்டு வெளியே வந்தபோது கடல் வலப்பக்கம் இருந்தது.

காலையிலிருந்து அது இடப்பக்கமாகத்தான் கூடவே வந்துகொண்டிருந்தது. அதற்காகவே மாமியார் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நரைமுடி பறக்கப் பறக்கப் பார்த்துக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் வளைவு கிடையாது; நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் சின்னப் பொட்டுபோலத் தெரிந்தது. காரை ஓட்டிவந்த மருமகளுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை. அரைத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திசை சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கணம் வலது கை எது, இடது கை எது என்றே குழம்பியது.

"அத்தை, கடல் இந்தப் பக்கம் வந்திடுச்சு."

"எந்தப் பக்கம் இருந்தா என்ன? உனக்கு ரோடு முன்னாடிதானே இருக்கு" என்றார் மாமியார். ஆனால் அவர் கை கைப்பையை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டது.

இந்தப் பயணமே ஒரு வீம்புதான். மாமியாருக்கு இருதய அறுவை சிகிச்சையின் காயம் இன்னும் சரியாக ஆறவில்லை. மருத்துவர் வேண்டாமென்று தலையாட்டினார், மகன் ஃபோனில் கத்தினார். படுக்கையில் கிடந்து சாகவா இவ்வளவு பாடுபட்டுப் பிழைத்தேன் என்று மாமியார் ஒரே கேள்வியில் எல்லோர் வாயையும் அடைத்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். நீதிபதிகளையே மெதுவாகப் பேசச் சொன்னவர். மருமகள் விடுப்பு போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். சைரன் இல்லாமல், யாரும் பின்னால் முனகாமல், நினைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போவது அவளுக்கும் சொகுசாகத்தான் இருந்தது.

ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். கீழே பாறைகளின்மேல் அலை ஏறி, நுரையாகச் சிதறி, வழிந்து இறங்கியது. சத்தமே இல்லை. காதில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். தன் செருப்பு சரளையில் அரைபடுவது கேட்டது, இஞ்சின் சூடு தணிந்து டிக் டிக்கென்பது கேட்டது, மாமியார் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. கடல் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. பிறகு, முதுகுக்குப் பின்னால், மலைச்சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, மெல்ல ஓர் இரைச்சல் எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. அலையின் இரைச்சல்.

வண்டிக்குள் வந்து கதவைப் பூட்டினாள். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டாள். சுரங்கத்துக்குள் மறுபடி நுழைய முடியாது, அங்கே ஏதோ ஈரமாக மூச்சு விட்டது, உன்னைப் பயமுறுத்த வேண்டாமென்று சொல்லவில்லை என்றார் மாமியார். குரலில் நடுக்கம் இல்லை. நெற்றியில் மட்டும் வியர்வை.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் பார்த்தாள். சுரங்கத்தின் வாயைக் காணவில்லை. சாலை கொஞ்ச தூரம் ஓடி, அங்கே தண்ணீருக்குள் இறங்கியது.

ஓட்டினாள்.

வெயில் மங்கிக்கொண்டு வந்தது. அழுகிய பாசியின் வாடை, ஏற்றி மூடியிருந்த கண்ணாடிகளைத் தாண்டி உள்ளே வந்து நாக்கில் துருவாகப் படிந்தது. இடப்பக்க மலை தணிந்துகொண்டே போனது. பனைமர உயரம், வீட்டு உயரம், இடுப்பு உயரம். அதுவும் முடிந்தது. அந்தப் பக்கமும் கடல். நடுவில் சாலை மட்டும், ஒரு வண்டி போகும் அகலத்துக்கு.

மாமியாரின் மூச்சு இரைத்தது. அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் அவர் மணிக்கட்டைத் தொட்டாள். நாடி தாறுமாறாக ஓடியது. மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் வைத்துக்கொண்டார்.

"என்னை எடுத்துக்கிட்டு உன்னை விட்டுடும்னு தோணுதுடி."

"எதுவும் யாரையும் எடுக்காது. நான் ஓட்டற வண்டி இது."

எதிரே விளக்குகள் தெரிந்தன.

இரண்டு மஞ்சள் விளக்குகள். மெதுவாக வந்தன. சாலையின் நடுவில். ஒரு நொடி அவளுக்கு உயிர் வந்தது; மனிதர்கள், வழி கேட்கலாம். கார் நெருங்கியது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை.

வைப்பர் கண்ணாடியின் உட்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே தண்ணீர். கூரை வரை. நான்கு பேர் இருந்தார்கள். தலைமுடி மேலே மிதந்து ஆடியது. ஓட்டுநர் கையை உயர்த்தினான். ஒதுங்கு என்று காட்டினான். ஓரமாக. கடல் பக்கமாக. பொறுமையாக, திரும்பத் திரும்ப.

அவள் கால் பிரேக்குக்குப் போகவில்லை. பெரிய விளக்கைப் போட்டாள். ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை.

"ஒதுங்காதடி" என்றார் மாமியார்.

"மாட்டேன் அத்தை."

மூக்கோடு மூக்கு உரச வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தாள். எதிர்க் காரும் நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர் சாலையின் விளிம்பை நக்கியது. அவள் ஹாரனை விடவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. இரு நீ, பார்க்கலாம்.

எதிரே வைப்பர் நின்றது.

உள்ளே நான்கு பேரும், ஒரே நேரத்தில் குனிந்து, சீட் பெல்ட்டைக் கழற்றினார்கள்.